பிள்ளை பெற்றவளின் மனசு - மருத்துவம் கேட்கக் கற்றுக்கொண்ட கதை

குழந்தை பிறந்த வீடு என்றாலே சந்தோஷம்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். சர்க்கரை கொடுப்பார்கள், மூக்கு யார் ஜாடை, நிறம் யார் ஜாடை என்று பேசிக்கொள்வார்கள். வருகிறவர்கள் கண்ணெல்லாம் தொட்டில் மேல்தான் இருக்கும். கட்டிலில் படுத்திருப்பவளிடம் "பால் வருதா?", "தையல் ஆறிடுச்சா?" என்று இரண்டு கேள்வி கேட்பார்கள். இரண்டுமே உடம்பைப் பற்றிய கேள்விகள். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

மருத்துவ உலகமும் பல நூற்றாண்டுகளாக இதையேதான் செய்துகொண்டிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களை ஏன் மனச்சோர்வு பிடித்துக்கொள்கிறது என்பதற்கு பாலிலும் கருப்பையிலும் பதில் தேடியது. அந்தப் பெண்களிடமே உட்கார்ந்து கேட்கத் தொடங்கிய பிறகுதான் பதிலின் பெரிய பகுதி கிடைத்தது. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

மூன்று வேறு வேறு விஷயங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரசவத்துக்குப் பிறகு மனதில் வரும் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் வரும் அழுகை. காரணமே இல்லாமல் கண்ணீர் வரும், எரிச்சல் வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வருகிறது. இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும்.

இரண்டாவது, மனச்சோர்வு. இது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். எதிலும் பிடிப்பு இருக்காது. குழந்தையைத் தூக்கினாலும் ஒன்றும் தோன்றாது. "நான் ஒரு நல்ல அம்மா இல்லை" என்ற குற்ற உணர்ச்சி அரித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் வரும் கடுமையான மனநோய். இல்லாத குரல்கள் கேட்கும், பிரமைகள் தோன்றும். இது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசர நிலை.

மூன்றாவது வகை கண்ணுக்குத் தெரியும், ஊரையே கூட்டிவிடும். அதனால் பழைய மருத்துவ நூல்கள் அதைப் பற்றி மட்டும் எழுதின. இரண்டாவது வகை நான்கு சுவருக்குள்ளேயே இருந்துவிடும். அதனால் வரலாறு முழுக்க அது யார் கண்ணிலும் படாமலே போனது.

பால் தலைக்கு ஏறிய காலம்

ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவக் குறிப்புகளில், இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்ற ஒரு தாயைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. தூக்கம் போனது, பிதற்றல் வந்தது, பதினேழாம் நாள் இறந்துபோனாள். நெடுங்காலம் இதைத்தான் பிரசவ மனநோயின் முதல் பதிவு என்று சொல்லி வந்தார்கள். இன்று படிப்பவர்கள் பலர், அது பிரசவத்தில் ஏற்பட்ட கிருமித் தொற்றினால் வந்த ஜன்னியாக இருக்கலாம் என்கிறார்கள்.

அதன் பிறகு ஐரோப்பாவில் நெடுநாள் ஓடிய கருத்து, வெளியேற வேண்டிய பாலும் உதிரமும் தடைப்பட்டு தலைக்கு ஏறுவதால்தான் புத்தி பேதலிக்கிறது என்பது. கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் நம் ஊரிலும் "பச்சை உடம்புக்காரி, காத்து கருப்பு அண்டிடுச்சு" என்று சொல்லி வேப்பிலை அடித்தவர்கள் உண்டுதானே! எல்லா ஊரிலும் காரணம் அவள் மனதுக்கு வெளியேதான் தேடப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸ் முன்னால் வந்தது. பாரிஸின் எஸ்கிரோல் என்ற மனநல மருத்துவர் 1838-ல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தார். மருத்துவமனைக்கு வரும் தாய்மார்கள் கொஞ்சம்தான், லேசான பாதிப்பு உள்ள பலர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கப்படுகிறார்கள், அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்றார் அவர்.

இருபது வருடம் கழித்து, 1858-ல், லூயி விக்டர் மார்சே என்ற இளம் மருத்துவர் இந்தப் பொருளுக்கென்றே ஒரு முழு நூல் எழுதினார். 310 பெண்களின் விவரங்களைத் திரட்டியிருந்தார். கர்ப்பத்தில் வருவது, பிரசவம் ஆனவுடன் வருவது, பால் கொடுக்கும் காலத்தில் வருவது என்று காலத்தை வைத்துப் பிரித்தார். முன்பே மனநோய் வந்தவர்கள், குடும்பத்தில் மனநோய் இருப்பவர்கள் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள் என்பதும் அதில் உண்டு. ஆபத்துக் காரணிகளைப் பட்டியல் போடும் வேலை அங்கேதான் தொடங்கியது என்று சொல்லலாம். 1864-ல், 36 வயதிலேயே மார்சே இறந்துவிட்டார். அவருடைய நூலும் மெல்ல மறக்கப்பட்டது. 1980-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இந்தத் துறைக்காக ஒரு சர்வதேச சங்கம் தொடங்கியபோது அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

பேசாதே, எழுதாதே, படுத்துக்கொள்!

அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற எழுத்தாளர் இருந்தார். 1885-ல் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். அதன் பிறகு கடுமையான சோர்வு. 1887-ல் ஃபிலடெல்ஃபியாவில் அன்றைக்குப் பெரும் புகழோடு இருந்த டாக்டர் சைலஸ் வெயர் மிட்செலிடம் சிகிச்சைக்குப் போனார். மிட்செலின் சிகிச்சைக்கு 'ஓய்வுச் சிகிச்சை' என்று பெயர். படுத்தே இருக்க வேண்டும், நிறையச் சாப்பிட வேண்டும், மூளைக்கு வேலையே கொடுக்கக் கூடாது. வீட்டுக்குத் திரும்பும்போது, வீட்டு வேலையோடு நின்றுகொள்ளச் சொல்லி, எழுதுவதையும் வரைவதையும் அடியோடு விடச் சொல்லி அனுப்பினார்.

எழுத்தே மூச்சாக இருந்த பெண்ணுக்கு இந்த மருந்து! சில மாதங்களில் தன் மனம் முற்றிலும் உடைந்துபோகும் எல்லைக்கு வந்துவிட்டதாகப் பிறகு கில்மன் எழுதினார். அறிவுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார், மீண்டார். 1892-ல் வெளியான அவருடைய 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதை அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். மருத்துவர் கெட்டவர் இல்லை. ஆனால் நோயாளி சொல்வதைக் கேட்பது அவர் சிகிச்சையில் ஒரு பகுதியாக இல்லை.

சட்டமும் உடம்பை மட்டும் பார்த்தது. பிரிட்டனில் 1922-ல் சிசுக்கொலைச் சட்டம் வந்தது. பிரசவத்தின் பாதிப்பிலிருந்து முழுதாக மீளாததால் மனம் நிலைகுலைந்த தாய், பிறந்த குழந்தையைக் கொன்றால் அதைக் கொலைக் குற்றமாகக் கொண்டு தூக்கில் போடாமல், அதற்குக் குறைந்த குற்றமாகப் பார்க்க அந்தச் சட்டம் வழி செய்தது. 1938-ல் திருத்தி, குழந்தையின் வயதை 12 மாதம் வரை நீட்டித்து, பால் சுரப்பின் விளைவையும் ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். கருணையான சட்டம்தான். ஆனாலும் பாருங்கள், 1938-லும் பால்தான் காரணம்! அவள் தனியாக இருந்தாளா, பட்டினி கிடந்தாளா, கணவன் அடித்தானா என்ற கேள்விகள் சட்டத்தின் வரிகளுக்குள் வரவில்லை.

கேள்வி கேட்டவர்கள்

திருப்பம் 1968-ல் வந்தது. பிரைஸ் பிட் என்ற மருத்துவர் லண்டனில் மருத்துவமனைக்கு வந்த சாதாரணத் தாய்மார்கள் 305 பேரை எடுத்துக்கொண்டார். யாரும் மனநோயாளிகள் என்று வந்தவர்கள் அல்ல. கர்ப்பத்தின்போதும் கேட்டார், பிரசவத்துக்குப் பிறகும் கேட்டார். 10.8 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு இருந்தது. ஒரு வருடம் கழித்தும் அவர்களில் பலர் முழுதாக மீளவில்லை. எஸ்கிரோல் சொன்ன 'வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள்' முதன்முறையாகக் கணக்கில் வந்தார்கள். பத்தில் ஒருவர்!

எத்தனை பேருக்கு என்பது தெரிந்தாயிற்று. ஏன் சிலருக்கு மட்டும்?

இதற்கு வழி காட்டியவர்கள் மருத்துவர்கள் அல்ல. ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இரண்டு சமூக ஆய்வாளர்கள், தெற்கு லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் 458 பெண்களை வீடு வீடாகச் சந்தித்து, மணிக்கணக்கில் பேசி, 1978-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அது புதுத் தாய்மார்களை மட்டும் பற்றியது இல்லை, பொதுவாகப் பெண்களின் மனச்சோர்வைப் பற்றியது. ஒரு பெரிய அடி விழும்போது சிலர் தாங்குகிறார்கள், சிலர் உடைகிறார்கள். உடைந்தவர்களிடம் நான்கு விஷயங்களைக் கண்டார்கள். பதினோரு வயதுக்குள் தாயை இழந்திருப்பது, வீட்டில் பதினான்கு வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருப்பது, வெளியே வேலை இல்லாதது, மனம் விட்டுப் பேச ஒரு துணை இல்லாதது.

இந்த நாலாவதைக் கவனியுங்கள். கணவன் இருப்பது வேறு, கணவனிடம் மனம் விட்டுப் பேச முடிவது வேறு. அப்படி ஓர் ஆள் இருந்துவிட்டால் அதே அடியைத் தாங்கும் சக்தி பல மடங்கு கூடியது.

அதே காலத்தில் ஜான் காக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் உகாண்டாவில் வேலை பார்த்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய்க்கு அங்கே 'அமகிரோ' என்று பெயர். கர்ப்ப காலத்தில் கணவனோ மனைவியோ தகாத உறவு வைத்துக்கொண்டதால் வருவது என்பது ஊர் நம்பிக்கை. பாதிக்கப்பட்டவள் மேலேயே பழி! கம்பாலாவுக்கு அருகே கசங்காட்டி என்ற இடத்துத் தாய்மார்களைக் காக்ஸ் ஆராய்ந்தபோது, லண்டனில் கண்ட அதே மனச்சோர்வு அங்கும் இருந்தது. 'இது பணக்கார நாட்டு நோய்' என்ற எண்ணத்துக்கு அது பதிலடி.

ஊர் திரும்பிய காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்ற இருவரோடு சேர்ந்து 1987-ல் எடின்பரோ அளவுகோலை வெளியிட்டார். பத்தே பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தது என்று தாயே டிக் அடிக்க வேண்டும். மொத்தம் 30 மதிப்பெண். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமான மனச்சோர்வுக் கேள்வித்தாள்களில் "தூக்கம் குறைந்ததா? அசதியாக இருக்கிறதா? எடை மாறியதா?" என்றெல்லாம் இருக்கும். கைக்குழந்தைக்காரி எல்லோருக்கும் இதற்கு 'ஆமாம்'தானே பதில்! அதனால் உடம்பைப் பற்றிய கேள்விகளை எடுத்துவிட்டு, சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்களா, பயமாக இருக்கிறதா என்ற மாதிரி கேட்டார்கள். பத்தாவது கேள்வி, தனக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இன்று உலகம் முழுக்க இது பல மொழிகளில் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது.

பட்டியல் சொல்வது என்ன?

அதன் பிறகு ஆய்வுகள் குவிந்தன. 1996-ல் ஓ'ஹாரா, ஸ்வெயின் என்ற இருவர் 59 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாக 13 சதவீதத் தாய்மார்களுக்கு மனச்சோர்வு. ஆபத்தை அதிகமாகக் கூட்டியவை இவை:

- முன்பு எப்போதாவது மனச்சோர்வோ வேறு மனப் பிரச்சினையோ வந்திருப்பது
- கர்ப்ப காலத்திலேயே சோர்வும் பதற்றமும் இருப்பது
- கணவனோடு சரியில்லாத உறவு
- ஆதரவாக ஆள் இல்லாதது
- அந்தச் சமயத்தில் நடந்த சாவு, வேலை இழப்பு போன்ற பெரிய அடிகள்

2001-ல் செரில் பெக் என்ற செவிலியர் பேராசிரியர் 84 ஆய்வுகளைத் தொகுத்தபோது 13 காரணிகள் வந்தன. மேலே சொன்னவற்றோடு தன்மதிப்புக் குறைவு, குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் உள்ள சுமை, ஓயாமல் அழும் குழந்தை, விரும்பாத கர்ப்பம் ஆகியவையும் சேர்ந்தன.

இங்கே 'ரிஸ்க்' என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் சொல்லும் அதே அர்த்தம்தான். பஞ்சாலைக்குத் தீ விபத்து ரிஸ்க் அதிகம் என்றால், எல்லாப் பஞ்சாலையும் எரியும் என்று அர்த்தம் இல்லை. தண்ணீர் வாளியை முன்கூட்டியே எங்கே வைக்க வேண்டும் என்று தெரிகிறது, அவ்வளவுதான். பட்டியலில் உள்ள எல்லாம் இருந்தும் நன்றாக இருப்பவர்கள் உண்டு. எதுவுமே இல்லாமல் பாதிக்கப்படுபவர்களும் உண்டு.

அப்படியானால் உடம்புக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. 2000-ல் அமெரிக்காவில் ஒரு சிறு பரிசோதனை நடந்தது. முன்பு பிரசவ மனச்சோர்வு வந்து குணமான 8 பெண்கள், அது வராத 8 பெண்கள். கர்ப்பத்தில் இருப்பதுபோல ஹார்மோன் அளவை ஏற்றி, பிரசவத்தில் நடப்பதுபோலச் சட்டென்று இறக்கினார்கள். முதல் குழுவில் 5 பேருக்கு மனநிலை பாதித்தது. இரண்டாவது குழுவில் ஒருவருக்கும் இல்லை. ஹார்மோன் இறக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதை எல்லோரும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. அதனால் "எல்லாம் மனசுதான், தைரியமாக இரு" என்று சொல்லிவிடவும் முடியாது.

கோவாவும் கணியம்பாடியும்

"நமக்குக் கூட்டுக் குடும்பம் இருக்கிறது, தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம், பத்தியச் சாப்பாடு போடுகிறோம். இதெல்லாம் இங்கே வராது" என்று நெடுநாள் நம்பினார்கள். 2002-ல் வந்த இரண்டு ஆய்வுகள் அந்த நம்பிக்கையை அசைத்தன.

ஒன்று கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் செய்தது. 270 தாய்மார்களைக் கர்ப்பத்திலிருந்தே தொடர்ந்தார்கள். குழந்தை பிறந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. அவர்களில் 78 சதவீதம் பேர் கர்ப்பத்தின்போதே மன வேதனையில் இருந்தவர்கள். வறுமை, கணவனோடு பிரச்சினை, குழந்தை பெண்ணாகப் பிறந்தது ஆகியவை காரணிகள்.

இன்னொன்று நம் வேலூர் பக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். காரணிகளைப் படித்தால் நமக்குத் தெரிந்த வீடுகள் கண்முன் வரும். குறைந்த வருமானம், ஆண் குழந்தை எதிர்பார்த்து பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நடந்த துயரங்கள், கைவேலைக்கு உதவ ஆள் இல்லாதது.

லண்டன் பட்டியலில் மாமியார் இல்லை! குழந்தை ஆணா பெண்ணா என்பதும் இல்லை. இங்கே இரண்டும் இருக்கின்றன. பெற்றோரும் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். வீடு நிறைய ஆள் இருப்பதால் மட்டும் ஆதரவு கிடைத்துவிடாது. "பொட்டப் புள்ளையா..." என்று இழுக்கும் நாலு பேர் இருப்பதைவிட யாரும் இல்லாமல் இருப்பதே மேல் என்று தோன்றும் தாய்மார்கள் எத்தனை பேரோ!

2017-ல் உலக சுகாதார அமைப்பின் இதழில், இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கட்டுரை வந்தது. அதன்படி இங்கே சராசரி 22 சதவீதம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு தாய்.

கேட்பதே மருந்தானது

இந்த வரலாற்றில் மிக நம்பிக்கை தரும் பகுதி இது. எடின்பரோ அளவுகோலை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஹோல்டன், 1989-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வீடுகளுக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்தார்கள். புத்திமதி சொல்லக் கூடாது, காது கொடுத்துக் கேட்க வேண்டும். வாரம் ஒரு முறை, எட்டு வாரம். மூன்று மாதத்தில், கேட்க ஆள் கிடைத்த 26 தாய்மார்களில் 18 பேர் முழுதாகக் குணமானார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் 9 பேர்தான் குணமானார்கள்.

"அதெல்லாம் வசதியான நாட்டில்" என்பவர்களுக்கு 2008-ல் பாகிஸ்தானிலிருந்து பதில் வந்தது. ராவல்பிண்டி கிராமப் பகுதியில் பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண் சுகாதார ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். 'மனநோய்' என்ற சொல்லையே எடுக்காமல், குழந்தையின் நலனுக்காக என்று சொல்லி வீட்டாரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் சென்ற வீடுகளில் 23 சதவீதத் தாய்மார்களுக்கு மட்டுமே மனச்சோர்வு மிச்சமிருந்தது. மற்ற இடங்களில் 53 சதவீதம்.

கடுமையாகப் பாதித்தவர்களுக்கு இது மட்டும் போதாது. மாத்திரையும் மனநல மருத்துவரும் தேவை. தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் முறை, 1948-ல் இங்கிலாந்தின் காசெல் மருத்துவமனையில் டாம் மெய்ன் என்ற மருத்துவர் தொடங்கியது, 2009-ல் பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு வந்து சேர்ந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.

பட்டியலை இன்னொரு முறை பார்த்தால் ஒன்று புரியும். அதில் பெரும்பாலானவை குழந்தை பிறப்பதற்கு முன்பே தெரிந்துவிடுபவை. முன்பு சோர்வு வந்திருக்கிறதா, இப்போது அழுகிறாளா, கணவன் எப்படி, வீட்டில் யார் உதவுவார்கள்... இதை வளைகாப்பு நாளிலேயே கேட்டுவிடலாம். செக்கப்புக்குப் போகும்போது ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல இந்தப் பத்துக் கேள்வியையும் கேட்டுவிடலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகிறவர்கள் தொட்டிலைப் பார்த்த பிறகு கட்டில் பக்கமும் திரும்பி, "நீ எப்படிம்மா இருக்கே? தூங்க முடியுதா? அழுகை வருதா?" என்று கேட்டால் போதும். கேட்டுவிட்டு உடனே புத்திமதி சொல்லாமல் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு போகவில்லை என்றால் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணமோ, இல்லாத குரல்கள் கேட்பதோ இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.